லேசிக் பண்ணி 9 நாள் ஆச்சு, கண்ணு தெளிவா தெரியுது, ஸ்டீராய்டு சொட்டை நிறுத்திடலாமா?

பின்னாடி படிக்கிறவங்களுக்கும் புரியணும்ங்கிறதுக்காக உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். கண்ணாடி பவரை லேசரால சரி பண்ற லேசிக் ஆபரேஷனை ரெண்டு கண்ணுலயும் பண்ணி 9 நாள் ஆகுது, மறுநாள் செக்கப்லயே போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க. ஆன்டிபயாடிக் சொட்டு ஒரு வாரத்தோட முடிஞ்சிருச்சு, ஸ்டீராய்டு சொட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இன்னும் போடச் சொல்லிருக்காங்க, கூடவே கண்ணு காயாம இருக்க கண்ணீர் மருந்து. கண்ணுதான் நல்லா தெரியுதே, ஸ்டீராய்டு கெடுதல்னு ஆளாளுக்கு சொல்றாங்களே, விட்டுடலாமான்னு கேக்குறீங்க. அதே வாரத்துல பிஆர்கேங்கிற இன்னொரு வகை லேசர் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட உங்க ஃப்ரெண்டுக்கு இன்னும் மங்கலாத்தான் இருக்கு, அவருக்கு 3 மாசத்துக்கு ஸ்டீராய்டு எழுதிக் குடுத்திருக்காங்க, ஆபரேஷன்ல ஏதோ தப்பு நடந்து அதைத்தான் மறைக்கிறாங்களோன்னு அவருக்கு பயம். சாயங்காலம் ஆனா மங்குறது, ராத்திரி லைட்டை சுத்தி வளையம் தெரியுறது, தூக்கத்துல கண்ணைக் கசக்கிட்டோமோங்கிற பயம், இதெல்லாமும் கேட்டிருக்கீங்க.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். ஆபரேஷன் பண்றது டாக்டர், அதுக்கு முன்னாடி அளவு எடுக்குறதும் அதுக்கப்புறம் மாசக்கணக்குல செக்கப்புக்கு வர்றவங்கள பாக்குறதும்தான் பல வருஷமா என் வேலை. அதனால ஆபரேஷன் நாளை விட அதுக்கப்புறம் வர்ற நாட்கள பத்திதான் எனக்கு நிறைய சொல்றதுக்கு இருக்கு.

முதல்ல நேரா பதில். நிறுத்தாதீங்க. அதே மாதிரி எழுதிக் குடுத்த தேதி முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு நாள் கூட நீங்களா சேர்த்துப் போடாதீங்க. இந்த ரெண்டாவது வாக்கியத்தை யாரும் கவனிக்கிறதே இல்ல, ஆனா நான் பார்த்த வரைக்கும் பெரிய சேதம் அதுலதான் வந்திருக்கு. சீக்கிரம் நிறுத்தணும்னு தோணுச்சுன்னா ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட ஒரு ஃபோன் போட்டு கேளுங்க, அவங்க உங்க கண்ணை மைக்ரோஸ்கோப்புல பார்த்திருக்காங்க, நான் பார்க்கல.

ஏன்னு புரிஞ்சா மருந்து போடுறது சுமையா தெரியாது, அதனால கொஞ்சம் உள்ள போவோம். கருவிழின்னு நாம சொல்ற அந்த முன் ஜன்னல், நடுவுல சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், கணக்கா சொன்னா பெரும்பாலானவங்களுக்கு 540 மைக்ரான் பக்கத்துல இருக்கும். லேசிக்ல அதுல மேல இருந்து 100லருந்து 120 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய மூடியை வெட்டி, ஒரு பக்கம் கீல் மாதிரி விட்டு திருப்பி வைப்பாங்க, அதைத்தான் ஃப்ளாப்னு சொல்றது. அடியில எக்ஸைமர் லேசர் வச்சு பவருக்கு ஏத்த மாதிரி செதுக்கிட்டு மூடியை திரும்ப படிய வச்சிடுவாங்க. லேசர்னா சுட்டுடும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. இந்த லேசர் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர், பக்கத்துல இருக்குற திசுவை கருக்காம தொட்ட இடத்தை மட்டும் உதிர்த்து எடுக்கும். இந்த விஷயத்தை 1981ல ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துல கண்டுபிடிச்சதுல ஒருத்தர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், இதைச் சொல்றப்பல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

லேசர் ஓடுறது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா மூடியை படிய வச்சதுக்கு அப்புறம் தையல் கிடையாது, பசை கிடையாது. கருவிழியோட உள்பக்கம் இருக்குற செல்கள் தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி மூடியை கீழ இழுத்துப் பிடிச்சிருக்கும், ஓரத்துல மேல்தோல் ஒரு நாளுக்குள்ள வளர்ந்து மூடிக்கும். அதனாலதான் மறுநாளே உங்களுக்கு பளிச்சுன்னு தெரிஞ்சது. பார்வை வந்துருச்சுங்கிறதும் புண் ஆறிருச்சுங்கிறதும் ஒண்ணு கிடையாது. மூடிக்கும் அடித்தளத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி இருக்கு, உடம்பு அதை காயமாத்தான் பாக்குது. சில பேருக்கு அந்த இடைவெளிக்குள்ள அழற்சி செல்கள் வந்து குவியும், மைக்ரோஸ்கோப்புல பார்த்தா காத்துல அலை அலையா படிஞ்ச மணல் மாதிரி இருக்கும், சஹாரா மணல்னே டாக்டர்கள் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க. இது கிருமியால வர்றது இல்ல, ஆன்டிபயாடிக்கால போகாது. பெரும்பாலும் முதல் வாரத்துலயே தலைகாட்டும், ஆரம்பத்துல வலி கூட இருக்காது, விட்டா கருவிழில தழும்பாகி பவர் மாறிடும். அதை தலையெடுக்க விடாம அமுக்கி வைக்கிறதுதான் ஸ்டீராய்டு சொட்டு. ஆன்டிபயாடிக் வாசல்ல நின்னு கிருமியை தடுக்குது, மாக்ஸிஃப்ளாக்ஸசின் மாதிரி ஒண்ணு ஒரு வாரம் போட்டா போதும், அதுக்குள்ள மேல்தோல் மூடிருக்கும். ஸ்டீராய்டுக்கு வேலை இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. திடீர்னு நிறுத்தினா அமுங்கிக் கிடந்த அழற்சி திரும்ப கிளம்ப வாய்ப்பிருக்கு, அதுக்காகத்தான் 4 வேளை, 3 வேளை, 2 வேளைன்னு படியிறக்கி எழுதுறாங்க. ஒவ்வொரு டாக்டர் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க, சில பேர் ஒரு வாரத்துலயே முடிச்சிடுவாங்க, சில பேர் ரெண்டு மூணு வாரம் இழுப்பாங்க, அடுத்தவங்க சீட்டைப் பார்த்து உங்களோடத மாத்தாதீங்க.

இப்ப உங்க ஃப்ரெண்டு விஷயம், தயவுசெஞ்சு இதை அவருக்கு படிச்சுக் காட்டுங்க, பாவம் பயந்து போயிருக்காரு. பிஆர்கேல மூடியே கிடையாது. கருவிழியோட மேல்தோலை மொத்தமா நீக்கிட்டு அதுக்கு அடியில லேசர் செதுக்கிட்டு, மேல ஒரு கான்டாக்ட் லென்ஸை கட்டு மாதிரி வச்சு விட்டுடுவாங்க. தோல் ஓரத்துல இருந்து நடுவுக்கு வளர்ந்து வர 3லருந்து 5 நாள் ஆகும். முழங்கால்ல சிராய்ச்ச புண்ணு எப்படி எரியுமோ அப்படித்தான், முதல் ரெண்டு மூணு நாள் எரிச்சல், கூச்சம், கண்ணீரா கொட்டும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா முதல் நாள் ஓரளவுக்கு தெரியுற பார்வை நாலாவது நாள் இன்னும் மோசமா தெரியும், ஏன்னா எல்லாப் பக்கமும் இருந்து வளர்ந்து வந்த தோல் சரியா பார்வை நடுவுல வந்துதான் சந்திக்குது, அந்த இடம் மேடு தட்டிக் கிடக்கும். அது மழமழன்னு ஆக வாரக்கணக்கு ஆகும், ஒண்ணுலருந்து மூணு மாசத்துலதான் கூர்மை முழுசா வரும். 9 நாள்ல மங்கலா இருக்குறது பிஆர்கேக்கு சாதாரணம். அவரோட பார்வையை உங்களோடதோட ஒப்பிடுறதை ரெண்டு பேரும் நிறுத்துங்க.

அவருக்கு எழுதிருக்குற 3 மாச ஸ்டீராய்டுக்கு காரணமே வேற. பிஆர்கேல பிரச்சனை மெதுவா வரும். செதுக்கின இடத்துல செல்கள் தேவைக்கு மேல வேலை செஞ்சு புகை படிஞ்ச மாதிரி ஒரு வெண்மை உண்டாக்கும், ஹேஸ்னு சொல்வாங்க, அது முதல் வாரத்துல தெரியாது, மாசங்கள் கழிச்சுதான் தெரியும், அதிக பவர் எடுத்தவங்களுக்கு வாய்ப்பு கூட. சில டாக்டர்கள் இதுக்காக ஆபரேஷன் நடக்குறப்பவே மைட்டோமைசின் மருந்தை கொஞ்ச நொடி வச்சு கழுவுவாங்க. அதுக்கப்புறம் ஃப்ளூரோமெத்தலோன், லோடெப்ரெட்னால் மாதிரி கண்ணுக்குள்ள இருக்குற அழுத்தத்தை, அதாவது கண் பிரஷரை, அவ்வளவா ஏத்தாத ஸ்டீராய்டை மாசக்கணக்குல படியிறக்குவாங்க. வெயில்ல இருக்குற புறஊதாக் கதிரும் அந்த வெண்மையை கூட்டும், அதனால வெளிய போறப்ப நல்ல யூவி கண்ணாடி அவருக்கு பல மாசத்துக்கு கட்டாயம், அதையும் மருந்தோட ஒரு பகுதியா நினைச்சுக்கச் சொல்லுங்க. அவர் டாக்டர் எதையும் மறைக்கல, பிஆர்கேக்கு எழுத வேண்டியதைத்தான் எழுதிருக்காரு.

வலிக்கு அவருக்கு கீட்டோரோலாக் மாதிரி ஒரு சொட்டு குடுத்திருந்தா அது ஆரம்ப நாட்களுக்கு மட்டும்தான், நீட்டிப் போட்டா தோல் வளர்றதையே தாமதப்படுத்தும். ஆபரேஷன் டேபிள்ல மரத்துப் போக ஊத்துறாங்களே அந்த சொட்டு, "அதைப் போட்டதும் வலி பட்டுன்னு நின்னுச்சே, வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிக்கிறேன்"னு கேக்குறவங்க உண்டு. அது எங்க கிடைச்சாலும் தானா எடுத்துப் போடக் கூடாது, திரும்பத் திரும்ப போட்டா மேல்தோலே வளராம கருவிழி கரைஞ்சு போற அளவுக்குப் போகும். ஸ்மைல்னு இன்னொரு வகை லேசர் ஆபரேஷன் இருக்கு, அதைப் பண்ணிக்கிட்டவங்களுக்கு மூடி இல்ல, சின்னதா 2லருந்து 4 மில்லிமீட்டர் கீறல்தான், மருந்து கிட்டத்தட்ட லேசிக் மாதிரியேதான் போகும்.

"ஸ்டீராய்டு கெடுதல்"ங்கிற பேச்சுக்கு வருவோம். அது பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. மாத்திரையா மாசக்கணக்குல சாப்பிடுறப்ப வர்ற எடை கூடுறது, எலும்பு தேயுறது இதெல்லாம் ரெண்டு வாரம் கண்ணுல விடுற சொட்டால வராது. கண்ணுக்குள்ள அது பண்ணக் கூடியது ரெண்டு. ஒண்ணு கண் பிரஷர் ஏத்துறது, இன்னொண்ணு ரொம்ப நாள் போட்டா கண்புரை. பிரஷர் எல்லாருக்கும் ஏறாது, சுமார் மூணுல ஒருத்தருக்கு ஓரளவு ஏறும், நூத்துல சுமார் அஞ்சு பேருக்கு ரொம்ப ஏறும், பெரும்பாலும் ரெண்டு வாரம் தாண்டினதுக்கு அப்புறம்தான் தெரிய ஆரம்பிக்கும். க்ளகோமா, அதாவது பார்வை நரம்பு கெடுற நோய், குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கூட, அதை டாக்டர்கிட்ட சொல்லிருக்கணும், சொல்லலைன்னா இப்ப சொல்லுங்க. முன்னாடி எப்பவாவது கண்ணுல ஹெர்பிஸ் அக்கி வந்திருந்தாலும் சொல்லியாகணும், ஸ்டீராய்டு அதை திரும்ப கிளப்பி விடும்.

இதுல என் மனசுல ஆழமா பதிஞ்சு போன ஒருத்தரைப் பத்தி சொல்லணும். லேசிக் பண்ணிட்டு ஒரு மாச செக்கப்புக்கு அப்புறம் வரவே இல்ல. 5 மாசம் கழிச்சு "ராத்திரி கொஞ்சம் மங்குது, பவர் திரும்பிருச்சா பாருங்க"ன்னு வந்தாரு. கண்ணு ரெண்டும் பால் மாதிரி வெள்ளையா, ஒரு சிவப்பு நரம்பு இல்லாம இருந்துச்சு. என்ன சொட்டு போடுறீங்கன்னு கேட்டேன், சட்டைப் பையில இருந்து எடுத்து டேபிள் மேல வச்சாரு, அதே பழைய ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டு பாட்டில், லேபிள் தேஞ்சு எழுத்தே தெரியல, இது எத்தனாவது பாட்டில்னு அவருக்கே ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கண்ணு உறுத்துறப்பல்லாம் ஒரு சொட்டு, உடனே குளுகுளுன்னு ஆயிடும், பழைய சீட்டைக் காட்டி வாங்கிட்டே இருந்திருக்காரு. பிரஷர் பார்த்தேன், 34. சாதாரணமா 21க்குள்ள இருக்கணும். அதுலயும் லேசர் செதுக்கி கருவிழி மெலிஞ்சு போன கண்ணுல மெஷின் காட்டுறது உண்மையை விட குறைச்சலாத்தான் இருக்கும், அப்போ நிஜம் இன்னும் மேல. ஒரு துளி வலி கிடையாது அவருக்கு. டாக்டர் அன்னைக்கே ஸ்டீராய்டை நிறுத்தி பிரஷர் குறைக்கிற மருந்து ஆரம்பிச்சாங்க, சில வாரத்துல இறங்கிருச்சு, பார்வை நரம்பு தப்பிச்சது. இன்னும் ஒரு வருஷம் வராம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையும். அவருக்கு தேவைப்பட்டது கண்ணீர் மருந்து, அவர் போட்டது ஸ்டீராய்டு, ரெண்டும் சின்ன பாட்டில்தான், ரெண்டும் உறுத்தலை குறைக்கும்.

இதே வகைல இன்னொண்ணு, கேள்விப்பட்டு வச்சுக்கிட்டா போதும். ஸ்டீராய்டால பிரஷர் ஏறி மூடிக்கு அடியில நீர் கோர்த்தா, பாக்குறதுக்கு நான் முன்னாடி சொன்ன மணல் அழற்சி மாதிரியே இருக்கும். அழற்சின்னு நினைச்சு ஸ்டீராய்டை கூட்டினா இன்னும் மோசமாகும். முதல் வாரத்துல வந்தா அழற்சியா இருக்க வாய்ப்பு அதிகம், பத்து நாள் தாண்டி புதுசா மங்கினா பிரஷரையும் பார்க்கணும். அதனாலதான் ரெண்டாவது மூணாவது வாரம் மங்கினா வீட்லயே "இன்னொரு சொட்டு சேர்த்துப் போடுவோம்"னு முடிவெடுக்காதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

சொட்டு போடுறது எப்படின்னு நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லியே ஆகணும், ஏன்னா செக்கப்புக்கு வர்றவங்கள "என் முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்வேன், பத்துல பாதிக்கு மேல தப்பாத்தான் போடுவாங்க. ஒருத்தர் அண்ணாந்து பாட்டிலை அழுத்துவாரு, சொட்டு நெத்தில விழும், அடுத்தது இமை மேல, மூணாவது உள்ள போகும், உடனே படபடன்னு கண்ணைச் சிமிட்டுவாரு, போனதெல்லாம் கன்னத்துல வழிஞ்சிடும். சரியான முறை இதுதான். கையை சோப்பு போட்டு கழுவுங்க. ஸ்டீராய்டு பாட்டில் பால் மாதிரி வெள்ளையா இருந்தா நல்லா குலுக்குங்க, மருந்து அடியில படிஞ்சு கிடக்கும், குலுக்காம போட்டா முதல் வாரம் வெறும் தண்ணியும் கடைசி வாரம் கெட்டி மருந்துமா போகும். கீழ் இமையை கன்னத்துப் பக்கம் லேசா இழுங்க, மேல் இமையை தொடவே தொடாதீங்க, மேல பார்க்குறப்ப லேசிக் மூடி அதுக்கு அடியிலதான் இருக்கும். மேல பார்த்துக்கிட்டே கீழ் இமைப் பைக்குள்ள ஒரே ஒரு சொட்டு. கண்ணுல தங்குற இடம் ஒரு சொட்டுக்கே பத்தாது, ரெண்டாவது சொட்டு போட்டா முதல் சொட்டை கழுவி விடுறதுதான் மிச்சம். பாட்டில் நுனி இமைலயோ முடிலயோ பட்டுடக் கூடாது. போட்டதும் மென்மையா கண்ணை மூடி, மூக்கு ஓரத்துல இருக்குற உள் மூலையை விரலால ஒரு நிமிஷம் லேசா அமுக்குங்க, அப்போ மருந்து தொண்டைக்குப் போகாது, கண்ணுலயே நிக்கும். சில சொட்டு போட்டதும் தொண்டைல கசக்குதுன்னு சொல்வாங்களே, அது மருந்து ஓடிப் போச்சுன்னு அர்த்தம். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் 5 நிமிஷம் இடைவெளி விடுங்க, ஜெல் இருந்தா அது கடைசி. துடைக்கணும்னா கன்னத்துல வழியுறதை மட்டும் ஒத்தி எடுங்க. திறந்த பாட்டிலை ஒரு மாசத்துக்கு மேல வச்சிருக்காதீங்க, இன்னொருத்தருக்கு குடுக்காதீங்க.

ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்தப்ப ஒண்ணு போடுங்க, ஈடுகட்ட ரெண்டா போட வேணாம். நான் எல்லார்கிட்டயும் சொல்றது, ஃபோன்ல அலாரம் வச்சுக்கிறதோட ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு சுவத்துல ஒட்டி டிக் பண்ணுங்க, படியிறக்கம் வர்றப்ப இன்னைக்கு 3 வேளையா 2 வேளையான்னு குழம்புறது எல்லாருக்கும் நடக்குறதுதான்.

சாயங்காலம் மங்குறதும் காலைல எழுந்ததும் கண்ணு ஒட்டிக்கிற மாதிரி இருக்குறதும் பெரும்பாலும் வறட்சிதான். மூடி வெட்டுறப்ப கருவிழிக்குப் போற நுண்ணிய நரம்புகளும் அறுபடுது, அந்த நரம்புதான் "காய்ஞ்சு போச்சு, கண்ணீர் அனுப்பு"ன்னு சேதி சொல்லணும். சேதி போகாததால கண்ணீர் குறையுது, சிமிட்டுறதும் குறையுது, ஸ்க்ரீன் பாக்குறப்ப அது இன்னும் பாதியா குறையும். கண்ணு மேல இருக்குற கண்ணீர்ப் படலம் கிழிஞ்சு கிழிஞ்சு போறதாலதான் எழுத்து தெரியும், மங்கும், சிமிட்டினா திரும்ப தெரியும். சிமிட்டினா தெளியுதுன்னா அது பவர் இல்ல, வறட்சிதான்னு தைரியமா இருங்க. முதல் ரெண்டு மூணு மாசம் இது அதிகமா இருக்கும், நரம்பு வளர வளர ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பாலானவங்களுக்கு அடங்கிடும். சில பேருக்கு நீளும், அவங்களுக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடிகால்ல சின்ன அடைப்பான் வைக்கிறதுன்னு வேற வழிகள் இருக்கு.

இதுல முக்கியமானது, உறுத்தினாதான் கண்ணீர் மருந்துன்னு இருக்காதீங்க, நரம்பு மரத்துப் போயிருக்குறதால உறுத்தாமயே காயும். நேரம் வச்சுப் போடுங்க. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போடுறதா இருந்தா ப்ரிசர்வேட்டிவ் இல்லாததா, சின்னச் சின்ன குப்பியா வர்றதை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க, பென்சால்கோனியம் குளோரைடுன்னு பாட்டில்ல போடுற பதப்படுத்தி அடிக்கடி பட்டா ஆறிட்டு வர்ற மேல்தோலுக்கு நல்லதில்ல. காலைல எழுந்ததும் இமையை பட்டுன்னு திறக்காம, மூடின கண்ணு ஓரத்துல ஒரு சொட்டு விட்டு ரெண்டு நொடி கழிச்சு மெதுவா திறங்க, இந்தச் சின்ன விஷயத்துக்கு எத்தனையோ பேர் திரும்ப வந்து நன்றி சொல்லிருக்காங்க. சிவப்பை உடனே போக்கும்னு விளம்பரம் பண்ற சொட்டு எதுவும் வேணாம், அது ரத்தக் குழாயை சுருக்கி வெள்ளையா காட்டும், விட்டதும் முன்னை விட சிவக்கும். அலர்ஜிக்கு சாப்பிடுற மாத்திரையும், முகப்பருவுக்கு குடுக்குற ஐசோட்ரெடினாயினும் கண்ணை ரொம்ப காய வைக்கும், சாப்பிடுறதா இருந்தா சொல்லிடுங்க.

வெள்ளை விழில ரத்தம் கட்டின மாதிரி சிவப்புத் திட்டு இருந்தா அது கண்ணைப் பிடிச்சு வச்ச வளையத்தோட அழுத்தத்தால வந்தது, ரெண்டு மூணு வாரத்துல தானா கரைஞ்சிடும். ராத்திரி லைட்டை சுத்தி தெரியுற வளையம் மூணுலருந்து ஆறு மாசத்துல பெரும்பாலும் குறையும், அதுவரைக்கும் ராத்திரி வண்டி ஓட்டுறதை முடிஞ்ச அளவு தவிருங்க.

தூக்கத்துல கசக்கிட்டோமோங்கிற பயத்துக்கு பதில். மூடி நகர்றது பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள்ளதான், நகர்ந்தா உங்களுக்கு தெரியாம போகாது, பளீர்னு வலிக்கும், கண்ணீர் கொட்டும், அந்தக் கண்ணு மட்டும் சட்டுன்னு மங்கிடும். அப்படி எதுவும் இல்லாம காலைல சாதாரணமா தெரிஞ்சா மூடி அதோட இடத்துலதான் இருக்கு. தூங்குறப்ப கண்ணை மறைச்சுப் போடுற ஷீல்டு ஒரு வாரம்னு சொல்லிருப்பாங்க, தூக்கத்துல கை போற பழக்கம் இருந்தா இன்னும் ஒரு வாரம் போட்டுக்கோங்க, நஷ்டம் ஒண்ணுமில்ல. அதுக்காக மாசம் போச்சுன்னா கசக்கலாம்னு அர்த்தம் இல்ல, மூடியோட நடுப்பகுதி பழைய பலத்துக்கு எப்பவுமே ஒட்டாது, பலமா அடிபட்டு வருஷங்கள் கழிச்சு நகர்ந்த கேஸ்கள் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு. கண்ணு அரிச்சா குளிர்ந்த கண்ணீர் மருந்து ஒரு சொட்டு விடுங்க, கை போக வேணாம்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். முகத்துல தண்ணி அடிக்கிறதும் தலைக்கு நேரா ஊத்துறதும் முதல் வாரம் வேணாம், தலையை பின்னாடி சாய்ச்சு வேற யாராவது அலசி விடட்டும். கண் மை, மேக்கப் ரெண்டு வாரம் கழிச்சு, அதுவும் புதுசா வாங்கினது. நடைப்பயிற்சி இப்பவே போகலாம், ஜிம் ஒரு வாரத்துக்கு அப்புறம் வியர்வை கண்ணுல இறங்காம பார்த்துக்கிட்டு. நீச்சல் ஒரு மாசம் கழிச்சு கண்ணாடி போட்டுக்கிட்டு. குத்துச்சண்டை மாதிரி முகத்துல அடி விழுற விளையாட்டு உங்களுக்கு இருந்தா டாக்டர்கிட்ட தனியா பேசுங்க. ஸ்க்ரீனால ஆபரேஷன் கெட்டுப் போகாது, வறட்சிதான் கூடும், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரமா பார்த்து நல்லா மூடி மூடி சிமிட்டுங்க.

இனி சொல்றது எதுவும் இருந்தா காலைல பாப்போம்னு காத்திருக்க வேணாம், அன்னைக்கே போங்க. குறைஞ்சு வந்த வலி திரும்ப கூடுறது, அடங்கின கூச்சம் திரும்ப வர்றது, ஒரு கண்ணுல மட்டும் பார்வை இறங்குறது, மஞ்சளா பச்சையா பீளை வர்றது, கருவிழில வெள்ளைப் புள்ளி, கண்ணுல அடி. கிருமித் தொற்று ரொம்ப அபூர்வம்தான், ஆனா சில வகை கிருமி மெதுவா வளர்ந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சுதான் தெரியும், 9 நாள் தாண்டியாச்சேன்னு அசட்டையா இருக்க முடியாது. நல்லா இருக்குற கண்ணுன்னாலும் ஒரு மாச செக்கப், மூணு மாச செக்கப் ரெண்டையும் விடாதீங்க, பிரஷர் ஏறினா உங்களால உணர முடியாது, மெஷினாலதான் பார்க்க முடியும்.

கடைசியா ஒண்ணு, யாரும் சொல்லாம விட்டுடுறது. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தாங்களே பழைய பவர், கருவிழி வளைவு, தடிமன், பிரஷர் அளவுகள், அந்தப் பேப்பரை இன்னைக்கே போட்டோ எடுத்து பத்திரமா ரெண்டு மூணு இடத்துல வைங்க. உங்களுக்கு வயசாகி கண்புரை ஆபரேஷன் வர்றப்ப உள்ள வைக்கிற லென்ஸோட பவரை கருவிழி வளைவை வச்சுத்தான் கணக்கு போடுவாங்க, லேசர் அதை மாத்திருச்சு, பழைய அளவு கையில இருந்தா கணக்கு சரியா வர உதவும். எந்தக் கண் டாக்டர்கிட்ட போனாலும், அது 20 வருஷம் கழிச்சுன்னாலும், உக்காந்ததும் முதல்ல "நான் லேசிக் பண்ணிருக்கேன்"னு சொல்லிடுங்க, அப்பதான் உங்க பிரஷர் 18னு மெஷின் காட்டுறப்ப அவங்க அதை அப்படியே நம்பாம உங்க கருவிழி தடிமனையும் சேர்த்துப் பார்ப்பாங்க.